தாமான் கயிற்றை இடம் மாற்றுமுன்

1938 ஓகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை ஒரு பாய்க்கப்பல் சென்றடைந்தது. 89 அடி நீளமான அந்தக் கப்பல், வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’. வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதை விலைக்கு வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ரொபின்சன்’ எனப் பெயர் மாற்றியிருந்தார். 1937இல் புறப்பட்ட அந்தப் பயணத்தில் பாய்களைக் கையாண்டவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள்.

பிரிகன்டைன் வகையைச் சேர்ந்த அன்னபூரணியின் இரு பாய்மரங்களுக்கும் வேலை வேறு. முன்மரத்தின் குறுக்குப் பாய்கள் பின்னாலிருந்து வரும் காற்றை முழுதாக வாங்கும். பின்மரத்தின் நெடுக்குப் பாய், காற்று பக்கவாட்டிலோ சற்று முன்னிருந்தோ வந்தாலும் கப்பலை நகர்த்தும். பருவக்காற்றோடு போய்ப் பருவக்காற்றோடு திரும்பும் வியாபாரத்துக்கு இது பொருந்தியது. 1942இல் ரொபின்சன் தனக்கெனக் கட்டிய ‘வாருவா’வும் இதே வகைதான். போகும் வழியையும் வீசும் காற்றையும் பார்த்தே பாயமைப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

இன்று காலித் துறைமுகத்துக்கு வரும் சிறிய பயணப் படகுகளுக்கும் பாயமைப்பு பற்றிய கேள்வி உண்டு. பெரும்பாயின் அடியில் கிடைமட்டமாக நிற்கும் மரம் பூம். அதன் பின்நுனியை இழுத்துப் பிடிப்பது தாமான் கயிறு. காற்று பக்கம் மாறும்போது இந்தக் கயிறு ஆட்கள் இருக்கும் இடத்தை வாரிக்கொண்டு போகும். வெயிலுக்குக் கூரை போடவும் இடைஞ்சல். அதனால் பலர் அதைப் பூமின் நடுப்பகுதிக்கு மாற்றுகிறார்கள்.

இங்கே நெம்புகோல் விதி குறுக்கிடுகிறது. நுனியில் 150 கிலோ இழுவை போதுமென்றால், நடுவில் 300 கிலோ வேண்டும். நான்கு மடங்குக் கப்பித் தொகுதியில் கை இழுக்க வேண்டியது 37.5 கிலோவிலிருந்து 75 ஆகிவிடும். எட்டு மடங்குக் கப்பி போட்டால் கைக்குப் பழைய சுமைதான். ஆனால் கூடுதல் கப்பிகளின் உராய்வும் சேரும்.

கையின் சுமை குறைந்தாலும் பூமின் சுமை குறையாது. நுனியைப் பாய் மேலே தூக்க, நடுவைக் கயிறு கீழே இழுக்க, பூம் வளையத் தொடங்கும். காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 15 நொட் காற்றில் அசையாமல் நின்ற பூம், 30 நொட் காற்றில் முறியலாம். ஆகவே பூமின் தடிப்பு, அது பாய்மரத்தோடு சேரும் மூட்டு, தளத்தில் கப்பியைப் பூட்டும் இடம் ஆகிய மூன்றையும் பலப்படுத்தாமல் கயிற்றை இடம் மாற்றக்கூடாது.

பூம் திடீரெனப் பக்கம் மாறுவதுதான் பயம் என்றால் எளிய வழி இருக்கிறது: பூமிலிருந்து படகின் முன்புறத்துக்கு ஒரு தடுப்புக் கயிறு. அதையும் நுனியில்தான் கட்ட வேண்டும். நடுவில் கட்டினால், அலையில் நுனி அமிழும்போது பூம் அந்த இடத்திலேயே முறியலாம்.