வலை விரிந்த கதை – 14: கரிசல் வழியே போன கம்பி

சென்ற வாரம் 1969-இன் அர்ப்பாநெட் என்ற அமெரிக்கக் கணினி வலையில் தொடங்கி, 1983 ஜனவரி 1 அன்று அதில் இருந்த கணினிகள் டிசிபி/ஐபி விதிமுறைக்கு மாறியது வரை பார்த்தோம். எந்த வலையும் எந்த வலையோடும் சேரலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்பதுதான் அந்த விதிமுறையின் அழகு. காகிதத்தில் அது எல்லோருக்கும் திறந்த கதவு. தரையில் நடந்ததைத் தெரிந்துகொள்ளக் கோவில்பட்டியும் அதைச் சுற்றிய கரிசல் காடும் போதும். ஏறத்தாழ 150 ஆண்டுகளாக இந்த மண்ணைக் கடந்து செய்தி ஓடுகிறது. எனினும் இங்குள்ள ஊர்களில் அது தானாக இறங்கியதில்லை. ஒவ்வொரு முறையும் யாராவது தனியாக மெனக்கெட்டு, தனியாகச் செலவழித்துத்தான் அதை இறக்க வேண்டியிருந்தது.

முதலில் வந்தது தந்தி. 1870-களில் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குத் தென்னிந்திய ரயில்வே பாதை போட்டபோது, தண்டவாளத்தின் ஓரமாகவே தந்திக் கம்பங்களும் வந்தன. காரணம் எளிது. ஒற்றை வழிப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடக் கூடாது. அடுத்த நிலையத்தில் கேட்டு, வழி காலி என்று தெரிந்த பிறகே வண்டியை விட முடியும். கரிசல் பருத்தி துறைமுகம் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கும் அந்தப் பாதைக்குப் பின்னால் இருந்தது. சாத்தூர், கோவில்பட்டி, குமாரபுரம், கடம்பூர், மணியாச்சி என்று நிலையத்துக்கு நிலையம் மோர்ஸ் தட்டும் சத்தம் கேட்டது. இதில் குமாரபுரத்தைக் கு. அழகிரிசாமியின் கதைத் தலைப்பாகத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அவரும் கி. ராஜநாராயணனும் பிறந்த இடைசெவல் அந்தப் பாதைக்குப் பக்கத்து ஊர்தான். ஆனால் ஊர் பிரிந்த பிறகு அந்த இருவரையும் சேர்த்து வைத்தது தந்தி அல்ல, கடிதம். சம்சாரி வீட்டுக்குத் தந்தி வந்தால் அது பெரும்பாலும் சாவுச் செய்தி. சேவகர் சைக்கிளை விட்டு இறங்கும்போதே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். ஆங்கில எழுத்தில் வந்த அந்த நாலு வார்த்தையைப் படித்துச் சொல்ல வாத்தியாரைத் தேடி ஓட வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய ஒரு கருவி, ரயிலையும் வியாபாரத்தையும் நிர்வாகத்தையும் மனதில் வைத்து அமைக்கப்பட்டது. வழியில் இருந்த ஊர்கள் அதன் கணக்கிலேயே இல்லை.

தொலைபேசிக் காலத்திலும் இதே கதைதான். 1980-களின் தொடக்கத்தில் சுமார் 70 கோடி மக்களுக்கு நாட்டில் இருந்த இணைப்புகள் முப்பது லட்சத்தை எட்டவில்லை. வடநாட்டுக்குத் தீப்பெட்டி அனுப்புகிற கோவில்பட்டி முதலாளி டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று அவசரத்துக்கு ஏற்றபடி கட்டணம் ஏறும். கிராமத்துக்கு எக்ஸ்சேஞ்ச் கொடுக்க ஏன் முடியவில்லை? பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் இயந்திரம். வெளிநாட்டிலிருந்து வந்த டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சுகளுக்கு ஏ.சி. அறையும் தூசியில்லாத இடமும் தடையில்லாத மின்சாரமும் வேண்டும். சித்திரை வெயிலில் நிலம் பாளம் பாளமாக வெடித்து, காற்றடித்தால் கரிசல் புழுதி கிளம்பும் ஊரில் அவற்றை எங்கே வைப்பது? 1984-இல் சாம் பிட்ரோடாவின் முனைப்பில் தொடங்கிய சி-டாட் என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு மையம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. 128 இணைப்புகளுக்கான சிறு கிராம எக்ஸ்சேஞ்ச் ஒன்றை அதன் பொறியாளர்கள் வடிவமைத்தார்கள். மின்சாரம் குறைவாகத் தின்று, சூடு குறைவாகக் கக்கி, இயல்பான காற்றோட்டத்திலேயே ஓடும் பெட்டி அது. ஏ.சி. தேவையே இல்லை. 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதலாவது நிறுவப்பட்டது. பிறகு நாடெங்கும் கிராமங்களுக்குப் போனது. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத்துகள் ஊர் ஊராகப் பெருகியதற்குப் பின்னால் இந்தப் பெட்டிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியப் பொறியியலின் பெருமைகளைப் பட்டியலிடுபவர்கள் ராக்கெட்டுக்குப் பக்கத்தில் இதையும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது அது பெருநகரங்களில்தான் கிடைத்தது. மற்ற ஊர்க்காரர்கள் எஸ்.டி.டி. கட்டணம் கொடுத்து நகரத்து எண்ணை அழைத்து உள்ளே நுழைய வேண்டும். இந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர். கம்பி இழுக்காமல் ரேடியோ அலையிலேயே தொலைபேசியையும் இணையத்தையும் சேர்த்துக் கொடுக்கும் கார்டெக்ட் தொழில்நுட்பத்தை அவர்கள் உருவாக்கினார்கள். அதை வைத்து 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சான்றிதழுக்கு மனுப் போடலாம், அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவரிடம் ஆலோசனை கேட்கலாம். சில ஆண்டுகளில் அந்த மையங்களில் பல மூடப்பட்டன. 'பார்த்தீர்களா, கிராமத்துக்காரனுக்கு இணையம் தேவைப்படவில்லை' என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. மேலூரை ஆராய்ந்தவர்கள் சொன்னது வேறு: ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போனதும் அரசுச் சேவைகள் நின்றுபோயின, மையம் நடத்தியவர்களுக்கு வருமானம் கட்டுப்படியாகவில்லை. தாலுகா ஆபீஸுக்கு பஸ் ஏறாமல் சான்றிதழுக்கு மனுப் போட முடிந்தபோது மக்கள் மனுப் போடத்தான் செய்தார்கள். தேவை அங்கேயே இருந்தது. அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிர்வாகம்தான் கைவிட்டது.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. செல்போன் வந்தது, 2016-இல் ஜியோ வந்தது, டேட்டா விலை தரையைத் தொட்டது. ஆடு மேய்ப்பவர் கையிலும் இணையம் இருக்கிறது. சந்தை தானே செய்த வேலைக்கு அரசும் திட்டமும் எதற்கு? இதில் பாதி உண்மை இருக்கிறது, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் செல்போன் கோபுரத்திலிருந்து பேச்சையும் படத்தையும் ஏந்திச் செல்வது கடைசியில் ஒரு கண்ணாடி இழைதான். அந்த இழை எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். தந்தி போன அதே ரயில் பாதைகளின் ஓரமாக, 2000-இல் தொடங்கிய ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் நாடெங்கும் இழை பதித்தது. நெடுஞ்சாலைகளின் ஓரமும் அப்படியே. லாபக் கணக்கு பார்ப்பவர் முதலில் அங்கேதான் போவார், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. 2006-இல் பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து தூத்துக்குடியிலிருந்து கொழும்பை ஒட்டிய மவுண்ட் லவீனியாவுக்குக் கடலடியில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கேபிள் போட்டன. நம் மாவட்டக் கரையிலேயே ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் இடையிலான கம்பி ஏறியது. அதனால் விளாத்திகுளத்துக் கிராமம் ஒன்றின் இணைப்பு ஒரு துளியும் வேகமாகிவிடவில்லை.

இழையை ஊருக்குள் இறக்க அரசுத் திட்டம் தேவை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பாரத்நெட் என்ற மத்திய அரசுத் திட்டப் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் செய்துவருகிறது. இழையின் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலாகவே போகிறது. மழையில் ஊறி உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் கரிசலில் இது நல்ல முடிவாகவே தோன்றுகிறது. ஆனால் மேலூர் சொல்லும் பாடம் இதற்கும் பொருந்தும்: இழை வந்து சேர்ந்ததோடு வேலை முடியாது, பழுதானால் யார் வந்து பார்ப்பார், பள்ளிக்கும் துணை சுகாதார நிலையத்துக்கும் யார் இழுத்துக் கொடுப்பார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்துவிட்டதா, அதோடு வந்த இணைப்புப் பெட்டி வேலை செய்கிறதா, பள்ளிக்கூடத்துக்கு எப்போது இணைப்பு என்று எழுந்து கேளுங்கள்; பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.