வேகமாகத் தடுக்க வேண்டுமா? மெதுவாகத் தொடங்குங்கள்!

உங்களை நோக்கி ஒரு பிரம்புக் கழி பாய்ந்து வருகிறது. அதன் நுனியின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு 0.1 விநாடி போதும். ஆனால் கண் கண்டதை மூளை உணர்ந்து, கைக்குக் கட்டளை அனுப்பி, கை அசையத் தொடங்க ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். அதற்குள் அடி விழுந்துவிடும்!

இருந்தும், பிலிப்பீன்ஸின் ஆர்னிஸ் வீரர்கள் இத்தகைய அடிகளைத் தடுக்கிறார்கள். அது எப்படி? விடை அவர்களுடைய பயிற்சி முறையில் இருக்கிறது.

எஸ்கிரிமா, காலி என்றும் அழைக்கப்படும் ஆர்னிஸ், 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி பிலிப்பீன்ஸின் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவிக்கப்பட்டது. இதில் பயன்படும் கழி சுமார் 70 சென்டிமீட்டர் நீளமுள்ள பிரம்பு. மலேசியக் காடுகளிலும் பிரம்பு வளர்கிறது. மூங்கிலைப் போல உள்ளே வெற்றிடம் இல்லாமல், நார்கள் நிறைந்திருப்பதால் அது எளிதில் இரண்டாக முறியாது. தேயும்போது நார் நாராகப் பிரியும். ஆனால் பிரிந்த நார் கண்ணில் படலாம். அதனால்தான் நல்ல பயிற்றுநர்கள் பயிற்சிக்கு முன் கழிகளைச் சோதிக்கிறார்கள். கண் கவசம் அணியச் சொல்கிறார்கள்.

வேகம் இரு மடங்கு, ஆற்றல் நான்கு மடங்கு

இயக்க ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 200 கிராம் பொருண்மை கொண்ட ஒரு பொருள் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் இயக்க ஆற்றல் 2.5 ஜூல். வேகம் 10 மீட்டராக உயர்ந்தால் ஆற்றல் 10 ஜூல். வேகத்தை இரு மடங்காக்கினால், அடியின் ஆற்றல் நான்கு மடங்காகிவிடுகிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது கால் பங்காகிறது. எந்தக் கவசமும் வாங்காமலேயே கிடைக்கும் பாதுகாப்பு இது!

முன்பு பல பயிற்சிக்கூடங்களில், எதிராளியின் கையையும் மணிக்கட்டையும் அடித்தே பழகினார்கள். ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. அவற்றின்மேல் தசை குறைவு. வலிக்குப் பயந்து பலர் இக்கலையை விட்டு விலகினார்கள். நவீன ஆர்னிஸ் முறையை உருவாக்கிய ரெமி பிரேசாஸ், பயிற்சியில் கையை அடிப்பதற்குப் பதிலாகக் கழியைக் கழியால் அடிக்கச் செய்தார். மாணவர்கள் காயமின்றி நீண்ட காலம் பயில வழி பிறந்தது.

ஒரு நேரத்தில் ஒரே மாறி

அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருப்போம் அல்லவா? பாதுகாப்பான மோதல் பயிற்சியும் அப்படித்தான்.

முதற்படியில் அடி வரும் திசை முன்கூட்டியே தெரியும். பல பள்ளிகளில் அடிகளை 12 திசைகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் முதல் எண் அடியை மெதுவாக வீசுவார், மற்றவர் தடுப்பார். அடுத்து, கோலாட்டம் போல இருவரும் இரட்டைக் கழிகளால் மாறி மாறித் தட்டும் ‘சினவாலி’ பயிற்சி. இதில் தூரமும் நேரமும் கைக்குப் பழகுகின்றன.

அது பழகிய பிறகே தெரிவுகள் கூடும். அடி வலமிருந்தும் வரலாம், இடமிருந்தும் வரலாம். தெரிவுகள் கூடக்கூட மூளை முடிவெடுக்கும் நேரமும் கூடும். அதனால் இந்தப் படியில் வேகத்தைக் கூட்டக்கூடாது. திசை நன்கு பிடிபட்ட பின்னர்தான் வேகம். எல்லாத் திசைகளும் கலந்த சுதந்திர மோதல் கடைசியில்தான் வரும்.

மெதுவான பயிற்சியில்தான் மூளை ஒரு ரகசியத்தைக் கற்கிறது. தேர்ந்த வீரர் கழியின் நுனியைப் பார்ப்பதில்லை. எதிராளியின் தோளையும் முழங்கையையும் காலையும் கவனிக்கிறார். கழி பாய்வதற்கு முன்பே தோள் திரும்பிவிடும். அந்த அறிகுறியைப் படித்துவிட்டால், தொடக்கத்தில் நாம் கண்ட 0.2 விநாடி இடைவெளியை ஈடுகட்டிவிடலாம். முதல் நாளிலேயே பலமாக மோதுபவர் இதைக் கற்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு பின்வாங்கத்தான் கற்கிறார்.

ஒன்றை மறக்காதீர்கள்: மெதுவான பயிற்சியில் இருவரும் ஒரே வேகத்தில் இயங்க வேண்டும். மெதுவாக வரும் அடியை மின்னல் வேகத்தில் தடுத்துவிட்டு ‘வென்றேன்’ என்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்.

கவசம் எதைக் காக்கும்?

2019இல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் ஆர்னிஸ் இடம்பெற்றது. பஞ்சு உறையிட்ட கழிகொண்டு மோதும் பிரிவும், வெறும் பிரம்புகொண்டு மோதும் பிரிவும் அதில் இருந்தன.

மென்மையான உறை இரண்டு வேலைகளைச் செய்கிறது. கழி நின்றுபோக எடுக்கும் நேரத்தை நீட்டுகிறது. அந்த நேரம் நான்கு மடங்கானால் சராசரி விசை கால் பங்காகும். மேலும், உறை நசுங்கும்போது அடி படும் பரப்பு விரிவதால் அழுத்தமும் குறைகிறது. ஆனால், வலிக்காத கழி கவனக்குறைவையும் வளர்க்கும். வெறும் பிரம்பாக இருந்தால் விரலை உடைத்திருக்கும் அடியை, ‘பரவாயில்லை’ என்று விட்டுவிடத் தோன்றும்.

தலைக்கவசத்துக்கும் எல்லை உண்டு. கம்பிவலை முகத்தையும் கண்ணையும் காக்கும்; மண்டையோட்டுக்குள் மூளை குலுங்குவதை அதனால் முழுமையாகத் தடுக்க முடியாது. அடிபட்ட பிறகு தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மங்கலான பார்வை, குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் அன்றைய பயிற்சியை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியை மறைப்பது வீரமல்ல. மருத்துவர் அனுமதித்த பிறகே மீண்டும் கழியைத் தொடலாம்.

செய்து பாருங்கள்

30 சென்டிமீட்டர் அடிக்கோலை நண்பர் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் பூஜ்ஜியக் குறி உங்கள் விரல்களுக்கு இடையில் இருக்க வேண்டும். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.2 விநாடி, 30 சென்டிமீட்டர் என்றால் சுமார் 0.25 விநாடி.

இப்போது இரண்டு அடிக்கோல்கள், உங்கள் இரண்டு கைகள். நண்பர் ஏதாவது ஒன்றை மட்டும் விடட்டும். அந்தக் கை மட்டுமே மூட வேண்டும். பலமுறை அடிக்கோல் தரையில் விழுந்துவிடும். ஒரே ஒரு தெரிவு கூடியதற்கே இந்த நிலை என்றால், 12 திசைகளிலிருந்து அடி வரும்போது? ஆர்னிஸ் பயிற்றுநர் ஏன் அவசரப்படுவதில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.