ஏட்டில் உள்ள பெயர்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது” என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வழங்கும் பழமொழி. நூலறிவை மாத்திரம் நம்பி அநுபவத்தைக் கைவிடுவோரை இடித்துரைக்க எழுந்த மொழி அது. ஆயின் அரசாங்க ஏடுகளைப் பொறுத்தவரை இப்பழமொழி தலைகீழாகிவிடுகின்றது. அங்கே ஏட்டில் ஏறாத சுரைக்காயே கறிக்கு உதவாது. ஒருவர் ஊரார் அனைவரும் அறிய அறுபது ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கலாம். எனினும், அவர் பெயர் உரிய இடாப்பில் இல்லையேல், தேர்தல் நாளன்று வாக்களிப்பு நிலையத்தின் வாயிலில் அவர் அந்நியரே ஆவர்.

யாழ்ப்பாணம் போன்ற ஒரு சிறு நகரத்தில் இவ்வேடுகள் நமக்குத் தொலைவில் இல்லை. கச்சேரி, பிரதேச செயலகம், மாநகர சபை, கிராம அலுவலரின் கந்தோர் என்பவற்றை ஒரு காலைப் பொழுதிலே சைக்கிளிற் சுற்றிவந்துவிடலாம். தொலைவு நம் மனத்திலேதான் உள்ளது. “கந்தோருக்குப் போவதென்றால் தெரிந்த ஒருவரைப் பிடிக்க வேண்டும்” என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. உரிமையாகக் கேட்கத்தக்கதை உபகாரமாகக் கேட்டுப் பழகிவிட்டோம்.

வாக்குரிமை வந்த வரலாறு

இலங்கையில் 21 வயது நிறைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை 1931 ஆம் ஆண்டிற் கிடைத்தது. ஆசியாவிலே இப்பேற்றினை முதலில் எய்திய நாடுகளுள் நமது நாடும் ஒன்று. ஆயினும் அவ்வாண்டு வட மாகாணத்தின் நான்கு தொகுதிகளில் எவரும் தெரிவுசெய்யப்படவில்லை. டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயாட்சியைத் தரவில்லையெனக் கூறி, யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அறைகூவியது. அவ்வாசனங்கள் 1934 ஆம் ஆண்டின் இடைத்தேர்தல்வரை வெறுமையாகவே இருந்தன. அன்று வாக்களியாமை சரியோ பிழையோ என்பது வேறு வழக்கு. அஃது அறிந்து செய்த செயல். இன்று நம்மவருட் பலர் வாக்கை இழப்பது கொள்கையினால் அன்று. ஒரு படிவத்தை நிரப்பிக் கொடாமையினால் மாத்திரமே.

வாக்களிக்கும் வயது 1959 இல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. பழைய விதானைமார் முறை 1963 இல் ஒழிந்து, கிராமசேவகர் முறை வந்தது. அப்பதவியை வகிப்போரையே நாம் இன்று கிராம அலுவலர் என்கின்றோம். வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுவதற்கு 1980 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்தது. அத்திருத்தத்தின் முதற் படியில் நிற்பவர் இந்தக் கிராம அலுவலரே.

ஒரு பெயரின் விலை

“என் ஒருவன் பெயர் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?” என வினவுவார் உளர். அவர்கள் பின்வரும் கணக்கைச் சற்று நோக்குவாராக. நமது பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களுள் 196 ஆசனங்கள் தேர்தல் மாவட்டங்களுக்கு உரியன. இவற்றுள் மாகாணத்துக்கு நான்காக 36 ஆசனங்கள் ஒதுக்கப்பட, எஞ்சிய 160 ஆசனங்களும் சனத்தொகையைக் கொண்டு பங்கிடப்படுவதில்லை. இடாப்பிற் பதிவான வாக்காளர் தொகையைக் கொண்டே பங்கிடப்படுகின்றன. கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2010 இல் 9 உறுப்பினரைத் தெரிவுசெய்தது. 2015 இல் அத்தொகை 7 ஆயிற்று. 2024 இல் 6 ஆயிற்று. போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் இதற்குப் பெருங் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. கடல் கடந்தவரை நாம் இடாப்பிற் சேர்த்தல் இயலாது. சேர்த்தல் முறையும் அன்று. ஆனால் இங்கேயே வாழ்ந்துகொண்டு பதியாதிருப்பவர் ஒவ்வொருவரும் அக்குறையை மேலும் பெருக்குகின்றார்.

இல்லத்தரசிகள் கவனிக்கத்தக்க பிறிதொரு பயனும் உண்டு. முதலாந் தரத்திற் பிள்ளையைச் சேர்க்கும்போது, பாடசாலைக்கு அண்மையில் வசிப்பதனைக் காட்டுதற்குப் பெற்றோரின் பெயர் முந்திய ஆண்டுகளின் வாக்காளர் இடாப்புகளில் இருத்தல் வேண்டும். அதற்கெனப் புள்ளிகள் உண்டு. பிள்ளைக்கு ஐந்து வயது ஆனபின் ஓடித் திரிந்தாற் கடந்துபோன ஆண்டுகளின் இடாப்பை யாரே திருத்தவல்லார்? மணமுடித்துப் புது வீடு புகுந்த ஆண்டிலேயே கணவன் மனைவி இருவரும் தம் பதிவை மாற்றிக்கொள்ளுதல் தொட்டில் வாங்குவதினும் முந்திய கடமை எனலாம்.

பதிவது எங்ஙனம்?

இடாப்புக்கான தகுதி நாளாகப் பெப்ரவரி 1 ஆம் நாள் 2021 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தினால் வகுக்கப்பட்டது. அந்நாளின் பின் 18 வயது நிறைவோரைக் காத்திருக்க வையாது, துணை இடாப்புகளிற் சேர்க்கவும் அச்சட்டம் இடமளித்தது. வீட்டிலுள்ளோர் விவரத்தைக் கிராம அலுவலர் கேட்கும்போது பிரதம இல்லத்தவர் அதனைச் சரியாகக் கொடுத்தல் வேண்டும். புதிதாக வயது வந்த பிள்ளை, மணமாகி வந்த மருமகள், வாடகைக்கு இருப்பவர் ஆகியோரையே மறதி பெரிதும் பற்றுகின்றது. இறந்தவர் பெயரையும், பிற ஊர் சென்று நிலைத்தவர் பெயரையும் நீக்குவித்தலும் நேர்மையின்பாற்பட்டதே. ஒருவருக்கு ஓரிடத்தில் மாத்திரமே பதிவு உண்டு.

சேர்க்கப்படும் பெயர்களும் நீக்கப்படும் பெயர்களும் இடாப்பு உறுதியாவதன் முன் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். விடுபட்டவர் கோரிக்கை செய்யலாம். தகாத பெயருக்கு எதிர்ப்பும் தெரிவிக்கலாம். இந்நாட்கள் கழிந்தபின், தேர்தல் அறிவித்தல் வந்தவேளை விழித்தெழுந்து பயனில்லை. பெயர் உண்டோ என்பதைக் கிராம அலுவலரிடமோ, கச்சேரியிலுள்ள தேர்தல் அலுவலகத்திலோ, அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலோ பார்த்துக்கொள்ளலாம்.

வாக்காளர் அட்டை தபாலில் வந்து சேராவிடின் வாக்குரிமை போய்விட்டது எனப் பலர் மயங்குகின்றனர். அஃது அறிவித்தல் அட்டையே; ஆளை உறுதிப்படுத்தும் பத்திரம் அன்று. இடாப்பிற் பெயர் இருந்து, தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற ஏற்கத்தக்க அடையாளம் ஒன்றும் கையில் இருப்பின் வாக்களிக்கலாம். வாக்காளர் அட்டையை மாத்திரம் கொண்டுசென்றால் வெறுங்கையுடன் திரும்ப நேரும்.

பிறப்பும் காணியும்

அடையாள அட்டைக்கு அடிப்படை பிறப்புப் பதிவு. 1995 ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்விலும், வன்னியில் நிகழ்ந்த இறுதிப் போரிலும், உயிரொன்றே மிஞ்சினாற் போதுமென ஓடிய குடும்பங்கள் றங்குப் பெட்டியோடு தம் பத்திரங்களையும் இழந்தன. பத்திரம் போனது பதிவு போனதாகாது. பிறப்பு எங்கு நிகழ்ந்ததோ அப்பிரிவிலேயே அது பதியப்பட்டிருக்கும். கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகளின் பிரதியைப் பிரதேச செயலகங்களிற் பெறலாம். தேடியும் பதிவு அகப்படாதவர்க்கு உத்தேச வயதுச் சான்றிதழ் பெறும் வழி உண்டு. முதியோர் பலர் “எனக்கு இனி எதற்கு?” என்று இதனைத் தட்டிக்கழிக்கின்றனர். அவர்தம் உரித்தை நாளை நிலைநாட்டவேண்டிய பிள்ளைகளுக்காகவேனும் இதனைச் செய்தல் நன்று.

காணி விடயத்திலும் இஃதே நிலை. ஒல்லாந்தர் நம்மவர் காணிகளைத் தோம்பிலே எழுதுவித்தனர். காணிப் பதிவகத்தின் ஏடுகளை உரிய கட்டணம் செலுத்தி எவரும் தேடிப் பார்க்கலாம். பணம் கொடுத்து உறுதி முடிப்பதற்கு முன், அக்காணி முன்னரே ஈடு வைக்கப்பட்டுள்ளதோ, வேறொருவர்க்கு எழுதப்பட்டுள்ளதோ என ஏட்டிற் பார்ப்பவர் பின்னர் நீதிமன்ற வாயிலிற் காத்திருக்கமாட்டார்.

சபையின் கணக்கு

நாம் செலுத்தும் ஆதனவரி, ஊர்ப் பேச்சிற் சோலைவரி, எவ்வாறு செலவாகின்றது? உள்ளூராட்சிச் சபைகளின் வரவு செலவுத் திட்ட வரைவு நிறைவேறுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும் என்பது விதி. பார்க்கச் செல்வோர் தொகையோ மிகச் சிறிது. நம் வீட்டின் வரிமதிப்புக் கூடியதாகத் தோன்றின் குறித்த காலத்துள் எழுத்திலே ஆட்சேபிக்கலாம். பலர் அவ்வறிவித்தலை வாசியாது மடித்து வைத்துவிட்டு, பின்னர் படலையில் நின்று சபையை வைகின்றனர்.

உள்ளூராட்சித் தேர்தல் 2018 ஆம் ஆண்டு முதல் கலப்பு முறையில் நடைபெறுகின்றது. வட்டாரத்துக்கென ஓர் உறுப்பினர் உண்டு. 2025 மே 6 ஆம் நாள் நடைபெற்ற தேர்தலும் அவ்வாறே அமைந்தது. தம் வட்டாரம் எது, உறுப்பினர் யாவர் என்பதை ஒவ்வொரு வீட்டாரும் அறிந்திருத்தல் வேண்டும். வடிகால் அடைத்த நாளிற் கொழும்பு அமைச்சரைத் தேடிப் பயன் இல்லை.

கேட்கும் உரிமை

இவையனைத்துக்கும் மேலாக, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அரச நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருத்தல் வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். எழுத இயலாதவர் வாயாற் கூறின், அலுவலர் உதவி புரிதல் வேண்டும். எதற்காகக் கேட்கின்றீர் என்ற வினாவுக்கு விடையளிக்கும் கடமை குடிமகனுக்கு இல்லை. கிடைத்தமைக்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குதல் வேண்டும். 14 வேலைநாட்களுள் முடிவு தெரிவிக்கப்படல் வேண்டும். மறுக்கப்படின் முதலில் அந்நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். நாட்டின் பாதுகாப்பு, பிறரின் அந்தரங்கம் முதலியவற்றுக்குச் சட்டம் விலக்களிக்கின்றது. அயலவர் குடும்ப இரகசியத்தைத் துருவுதற்கு இஃது ஆயுதமன்று.

வினாவை அமைப்பதிலே ஒரு நுட்பம் உண்டு. “எங்கள் வீதியை ஏன் திருத்தவில்லை?” என்று எழுதுவது முறைப்பாடு, அதற்குச் சமாதானமே விடையாக வரும். “இவ்வீதிக்கு இவ்வாண்டில் ஒதுக்கப்பட்ட தொகை யாது? ஒப்பந்தம் யாருக்கு, எந்நாளில் வழங்கப்பட்டது? வேலை முடிந்தமைக்கான சான்றின் பிரதி தருக” என்று எழுதுவது தகவற் கோரிக்கை, அதற்கு ஏட்டிலிருந்தே விடை வந்தாக வேண்டும். கோபத்தை விடுத்துத் தொகையையும் திகதியையும் கையொப்பத்தையும் கேட்கப் பழகுவோமாக.

1981 இல் நம் பொது நூலகம் எரிந்தபோது, ஏடுகளின் அருமையை நாம் அழுது அறிந்தோம். எரிந்தவற்றுக்கு அழுத நாம், இருப்பவற்றைத் திறந்து பாராதிருத்தல் தகுமா? வீட்டுக்கு ஒரு கோவை வைத்து, பிறப்புப் பத்திரம், உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, இடாப்புப் பதிவின் பிரதி என்பவற்றை அதிலே ஒழுங்காகச் சேர்த்து வைப்போம். பதினெட்டு வயதெய்தும் பிள்ளைக்குப் பிறந்தநாட் பரிசாகப் புத்தாடையோடு வாக்காளர் பதிவையும் பெற்றுக் கொடுப்போம். ஆடை ஆண்டொன்றிற் பழசாகும். ஏட்டிலுள்ள பெயரோ அப்பிள்ளையை இந்நாட்டின் குடியாக நிறுத்தும்.