முந்நூறு என்று எழுதியிருந்தது: கணினியின் வேகம், வெப்பம், விலை

ஒரு பண்டத்தின் மேல் எழுதியிருக்கும் எண் அந்தப் பண்டத்தின் குணமா, அல்லது அதை விற்பவர் எடுத்த முடிவா? அரிசி மூட்டையில் எடை, மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி, நூல் கண்டில் நூலின் எண் என்று எண்களைச் சுமந்துகொண்டுதான் பண்டங்கள் நம்மிடம் வருகின்றன. இவற்றையெல்லாம் இயற்கையின் உண்மைகளைப் போல வாசித்துப் பழகியிருக்கிறோம். இந்தப் பழக்கத்தை, வீட்டு மேஜையில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்துகொண்டு கலைத்துப் போட்ட ஒரு கூட்டம் 1990களின் பிற்பகுதியில் உலகின் பல ஊர்களில் இருந்தது. ஓவர்கிளாக்கர்கள் என்று பெயர். மார்க்ஸையோ ஃபூக்கோவையோ படித்துவிட்டு அவர்கள் இதைச் செய்ய வரவில்லை. காசு மிச்சம், வேகம் அதிகம், அவ்வளவுதான் நோக்கம். ஆனாலும் பயன் மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் உள்ள இடைவெளியை அவர்கள் அளந்து காட்டிய மாதிரி நம்முடைய கட்டுரைகள் காட்டியதில்லை.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். கணினியின் மதர்போர்டில் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துடிப்பிலிருந்து ஒரு சிறு சில்லு வேறு வேறு தாளங்களை உண்டாக்கி நினைவகத்துக்கும், செருகு அட்டைகளுக்கும், ப்ராசஸருக்கும் அனுப்புகிறது. ப்ராசஸர் தனக்கு வந்த தாளத்தை உள்ளே ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்கிறது. நொடிக்கு 66 மில்லியன் தட்டு வந்தால், அதை நாலரையால் பெருக்கி 300 மில்லியன் ஆக்கிக்கொள்ளும். இதுதான் 300 மெகாஹெர்ட்ஸ். ஆக, வேகம் சில்லுக்குள் மட்டும் குடியிருக்கிற ஒன்றல்ல. பாதி வெளியே, மதர்போர்டில் இருக்கிறது. வெளித் தாளத்தை முடுக்கினால் உள் வேகமும் ஏறும். தபேலாக்காரர் காலம் ஏற்றினால் பாடகர் பின்னாலேயே ஓட வேண்டியதுதான். மூச்சு முட்டாமல் ஓட முடிகிறதா என்பதே கேள்வி.

1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் ஒரே நேரத்தில் இரண்டு ப்ராசஸர்களைச் சந்தைக்கு விட்டது. ஒன்று பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். மொத்த விலை 669 டாலர். மற்றது ஏழைகளுக்கான செலரான் 300ஏ. விலை 149 டாலர். செலரானின் பெருக்கல் எண்ணை, நாலரை, நிறுவனம் மாற்ற முடியாதபடி பூட்டியிருந்தது. ஆனால் வெளித் தாளத்தைப் பூட்ட முடியவில்லை. அது மதர்போர்டின் கையில். 66ஐ 100 ஆக்கினால் நாலரை மடங்கு 450. அதாவது 149 டாலர் சில்லு 669 டாலர் சில்லின் வேகத்தில் ஓடும். ஓடியது. எல்லாச் சில்லும் அல்ல, ஆனால் எக்கச்சக்கமானவை ஓடின. இதில் இன்னொரு வேடிக்கை: பென்டியம் 2இன் கேஷ் நினைவகம் 512 கிலோபைட், ஆனால் ப்ராசஸரின் பாதி வேகத்தில்தான் வேலை செய்யும். செலரானுக்கு 128தான், ஆனால் அது சில்லின் உள்ளேயே உட்கார்ந்து முழு வேகத்தில் இயங்கும். பல வேலைகளில் இளையவன் மூத்தவனுக்குச் சமமாக நின்றான்.

தாளத்தை மாற்றுவதற்குச் சில மதர்போர்டுகளில் பட்டியலைத் திறந்து எண்ணைத் தேர்ந்தெடுத்தாலே போதும். அபிட் நிறுவனத்தின் பிஎச்6 இதற்கே பெயர் வாங்கியது. அந்த வசதி இல்லாத போர்டு வைத்திருந்தவர்கள், ப்ராசஸர் அட்டையின் விளிம்பில் இருக்கும் பி21 என்ற ஒரு தொடுமுனையை மட்டும் செலோடேப்பால் மூடினார்கள், அல்லது நகப்பூச்சு தடவினார்கள். 'எனக்கு 66 கொடு' என்று போர்டிடம் சொல்லுகிற முனை அது. அதன் வாயை அடைத்துவிட்டால் போர்டு 100 கொடுத்துவிடும். 300க்கும் 450க்கும் நடுவே ஒரு துணுக்கு டேப். 75, 83 என்று இடைப்பட்ட எண்களில் வைத்தவர்கள்தான் அவதிப்பட்டார்கள். அங்கே மற்ற அட்டைகளுக்குப் போகிற தாளமும் 33ஐத் தாண்டிவிடும். ஹார்ட் டிஸ்கில் எழுதியது எழுதியபடி இருக்காது. 100இல் அது மூன்றால் வகுபட்டு 33க்கே வந்துவிடும் என்பதால்தான் பெரிய தாவல் சின்னத் தாவலை விடப் பத்திரமாக இருந்தது.

சரி, 450இல் ஓடக்கூடிய சில்லின் மேல் ஏன் 300 என்று எழுத வேண்டும்? ஒரே சிலிக்கான் தட்டில் நூற்றுக்கணக்கான சில்லுகள் ஒன்றாகப் பிறக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி அமைவதில்லை. சோதித்து, முந்திரிப் பருப்பைத் தரம் பிரிப்பது மாதிரி பிரித்து, எண் போடுகிறார்கள். வெயில் நாட்டிலும் தூசி அடைந்த பெட்டியிலும் பல வருடம் உழைக்க வேண்டுமே என்று எண்ணைக் கொஞ்சம் குறைத்தே போடுவார்கள். இதுவரை நியாயம். ஆனால் உற்பத்தி முறை முதிர முதிர, நல்ல சில்லுகள் அதிகமாகிவிடும். சந்தையோ மலிவுச் சில்லைத்தான் அதிகம் கேட்கும். அப்போது நல்ல சில்லுக்கே தாழ்ந்த எண் போடுவதைத் தவிர வழியில்லை. பற்றாக்குறை என்பது இங்கே உற்பத்தியாகும் ஒன்று. சில்லுக்குச் செலவான அதே சிலிக்கான், அதே உழைப்பு, எண்தான் வேறு.

பெருக்கல் எண்ணைப் பூட்டியதற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. மலிவுச் சில்லின் மேல் இருக்கும் எண்ணைச் சுரண்டிவிட்டு உயர்ந்த எண்ணை அச்சிட்டு விற்கிற கள்ள வியாபாரிகள் இருந்தார்கள் என்பது. அது உண்மைதான், ஏமாந்தவர்களும் உண்டு. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கள்ள வியாபாரியும் நிறுவனமும் செய்தது சில்லின் மேல் எண் எழுதுகிற வேலைதான். எழுதும் உரிமை யாருக்கு என்பதில்தான் வழக்கு. 2000இல் ஏஎம்டி நிறுவனம் தன்னுடைய அத்லான், டூரான் சில்லுகளின் மேற்பரப்பில் ஒரு வரிசைச் சிறு இணைப்புகளை லேசரால் அறுத்துப் பூட்டியது. பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அறுந்த இடங்களின் மேல் பென்சிலால் கோடு இழுத்தார்கள், பூட்டு திறந்துகொண்டது. அடுத்த தலைமுறையில் அறுத்த இடம் குழியாகவே ஆக்கப்பட்டது. வெறும் பென்சிலால் தாண்ட முடியவில்லை.

இனி வெப்பம். எண் வேண்டுமானால் முடிவாக இருக்கலாம், வெப்பம் அப்படியல்ல. சில்லு சூடாவது மூன்று விஷயங்களைப் பொறுத்தது: சுற்றின் மின்தேக்கம், வேகம், மின்னழுத்தத்தின் வர்க்கம். வேகத்தை ஒன்றரை மடங்கு ஆக்கினால் சூடும் ஒன்றரை மடங்கு. ஆனால் அந்த வேகத்தில் தள்ளாடுகிற சில்லை நிமிர்த்த 2 வோல்ட்டை 2.2 ஆக்கினால், பத்து சதவீத ஏற்றம் 21 சதவீதச் சூடாகச் சேரும். மொத்தம் 1.8 மடங்கு. இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

குளிர்விக்கும் வேலையில் இவர்கள் காட்டிய கைப்பாடு தனியாகச் சொல்ல வேண்டியது. சில்லும் அதன் மேல் உட்காரும் உலோகத் தகடும், அதாவது ஹீட் சிங்க், கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவில் காற்றுப் பொட்டுகள் இருக்கும். காற்று சூட்டைக் கடத்துவதில் படு மோசம். அதை நிரப்பத்தான் வெள்ளைப் பசை. நிறையத் தடவினால் நல்லது என்று நினைப்பவர்கள் கெடுத்தார்கள். பசை உலோகத்தை விடக் குறைவாகவே கடத்தும், மெல்லிய படலமே வேண்டும். கண்ணாடியின் மேல் உப்புக் காகிதம் விரித்து, தகட்டின் அடியை முகம் பார்க்கிற வரை தேய்த்தவர்கள் உண்டு. காரின் ஹீட்டர் ரேடியேட்டரையும் மீன் தொட்டி மோட்டாரையும் இணைத்துத் தண்ணீர் ஓட்டியவர்கள் உண்டு. ஒரு பக்கம் சில்லிட்டு மறுபக்கம் கொதிக்கிற பெல்டியர் தகட்டை வைத்தவர்கள், குளிர்ந்த பக்கத்தில் காற்றின் ஈரம் பனித்து மதர்போர்டில் சொட்டுவதைக் கண்டார்கள். பஞ்சும் ரப்பரும் மெழுகுமாக அடைத்தார்கள். திரவ நைட்ரஜன் ஊற்றுவது, மைனஸ் 196 டிகிரி, வித்தை காட்டுகிற வேலை. 2011இல் திரவ ஹீலியத்தில் ஏஎம்டியின் எஃப்எக்ஸ் சில்லு 8.429 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அந்த வேகத்தில் யாரும் கடிதம் அடிக்க முடியாது.

ப்ராசஸரை மட்டும் குளிர்வித்துவிட்டு மதர்போர்டை மறந்தவர்கள் பலர். மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் பகுதியும் அதே அளவு கூடுதலாக உழைக்கிறது. அதன் அருகே நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர்களுக்குள் இருப்பது ஈரம். பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது அவற்றுக்கான நடைமுறைக் கணக்கு. காய்ந்து, தலை உப்பி, கசிந்துவிடும். சில்லுக்குள்ளும் மின்னோட்டம் உலோக அணுக்களைச் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டு போகும். ஒருநாள் கம்பி அறும். இவையெல்லாம் ஓவர்கிளாக்கருடைய சொந்தச் செலவு. உத்தரவாதம் போய்விட்டிருக்கும்.

இதை விடச் சங்கடமானது, நின்றுபோகாமல் தப்பாகக் கணக்குப் போடும் கணினி. திரை ஒழுங்காக இருக்கும், விடை பிசகியிருக்கும். அதைப் பிடிக்க இவர்கள் கையில் எடுத்தது ஒரு கணித விளையாட்டு. 1996இல் தொடங்கிய மெர்சன் பகா எண் தேடலின் நிரலை மணிக்கணக்கில் ஓட்டி, ஏற்கனவே தெரிந்த விடைகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு இடத்தில் பிசகினாலும் வேகத்தை ஒரு படி இறக்கு.

இவர்களை எதிர்ப்பாளர்கள் என்று கொண்டாட எனக்கு விருப்பமில்லை. பாதிப் பேர் பக்கத்து மேஜைக்காரனை விட ஒரு எண் கூட வாங்குவதற்காக உழைத்தவர்கள். அதிகாரத்துக்கு இது தெரியாமல் இருக்குமா? 2008இல் இன்டெல், சூடு அனுமதிக்கும்போது சில்லு தானே வேகம் ஏற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. மீறலை இயந்திரமே செய்துகொள்ளத் தொடங்கியது. 2010இல் பென்டியம் ஜி6951 சில்லில் ஒரு மெகாபைட் கேஷையும் இன்னொரு வசதியையும் பூட்டி விற்று, 50 டாலர் அட்டை ஒன்றை வாங்கி அதிலுள்ள குறியீட்டை அடித்தால் திறக்கலாம் என்றது. சில்லு ஏற்கனவே வாங்கியவர் வீட்டில், அவர் பெட்டிக்குள் இருந்தது. கூச்சல் எழுந்தது, அடுத்த ஆண்டு திட்டம் கைவிடப்பட்டது.

அதே 2011இல் வெளித் தாளம் ஏறக்குறைய எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டப்பட்டது. 100ஐ ஐந்தாறு சதவீதம் தாண்டினாலே மற்றப் பாகங்கள் தடுமாறும். பெருக்கல் எண் முழுக்கத் திறந்த சில்லுகள் மட்டும் கே என்ற எழுத்தோடு தனியாக வந்தன. கோர் ஐ7 2600 விலை 294 டாலர், 2600கே 317 டாலர். மதர்போர்டும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பி67 ஆகும், எச்67 ஆகாது. 23 டாலர் கூடக் கொடுத்துக் கே வாங்கியவருக்கு வேகத்தின் பூட்டு திறந்தது. சாதாரண 2600இல் இருந்த விடி-டி என்ற வசதி அதில் அடைக்கப்பட்டிருந்தது.