குதிரை உரோமக் கத்தரிப்பான்

குதிரை உரோமக் கத்தரிப்பான் அல்லது குதிரைக் கிளிப்பர் என்பது குதிரையின் உடலில் அடர்ந்து வளரும் உரோமத்தைக் குட்டையாக வெட்டப் பயன்படும் கருவி ஆகும். பற்கள் கொண்ட இரண்டு எஃகுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகர்வதன் மூலம் இது உரோமத்தை வெட்டுகின்றது. பிரித்தானியா, அயர்லாந்து போன்ற குளிர்ச்சியான நாடுகளில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இக்கருவி பெரிதும் பயன்படுகின்றது. தகடுகள் மழுங்கினாலோ, எண்ணெய் இன்றி ஓடினாலோ குதிரையின் தோலில் சூட்டுப் புண்ணும் வெட்டுக் காயமும் ஏற்படக்கூடும். எனவே இக்கருவியின் பராமரிப்பு குதிரையின் நலனோடு நேரடித் தொடர்பு உடையது.

பயன்பாடு

பகற்பொழுது குறையத் தொடங்கும்போது குதிரையின் உடலில் நீண்ட குளிர்கால உரோமம் வளர்கின்றது. குளிர்காலத்திலும் கடுமையாக உழைக்கும் குதிரைக்கு இவ்வுரோமம் இடையூறாகின்றது. உழைப்பின்போது குதிரை மிகுதியாக வியர்க்கின்றது. நனைந்த உரோமம் உலர நெடுநேரம் ஆவதோடு, வெப்பத்தைக் காக்கும் தன்மையையும் இழக்கின்றது. இதனால் குதிரையின் உடல் குளிர்ந்து விறைக்கின்றது. உரோமம் கத்தரிக்கப்பட்ட குதிரை விரைவில் உலரும்; ஆனால் ஓய்வின்போது அதற்குப் போர்வை தேவை.

வேலையின் அளவுக்கு ஏற்பக் கத்தரிக்கும் பரப்பும் மாறுபடும். மிதமான வேலை செய்யும் குதிரைக்குக் கழுத்தின் அடிப்பகுதியிலும் வயிற்றிலும் மட்டும் வெட்டுவது உண்டு. கடும் வேலை செய்யும் குதிரைக்குக் கால்களையும் சேணம் அமரும் இடத்தையும் விட்டுவிட்டு எஞ்சிய உடல் முழுவதும் வெட்டப்படுகின்றது. மூப்படைந்த குதிரைகளுக்குக் கபச் சுரப்பிக் கோளாறு ஏற்பட்டால் உரோமம் உதிராமல் நீண்டு வளரும். இத்தகைய குதிரைகளுக்குக் கோடையிலும் கத்தரிக்க வேண்டியிருக்கும்.

வரலாறு

இயந்திரக் கத்தரிப்பான்கள் வருவதற்கு முன் சீப்பும் கத்தரிக்கோலும் கொண்டு உரோமம் வெட்டப்பட்டது. விளக்கின் சுடரால் உரோம நுனிகளைப் பொசுக்கும் முறையும் இருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் கையால் இயக்கும் கத்தரிப்பான்கள் புழக்கத்துக்கு வந்தன. இவற்றில் ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, மற்றொருவர் வெட்டும் தலையைக் குதிரையின் உடலில் நகர்த்துவார். வளையும் தண்டு ஒன்று சக்கரத்தின் சுழற்சியை வெட்டும் தலைக்குக் கொண்டு சென்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1897 இல் தொடங்கப்பட்ட சிக்காகோ ஃபிளெக்சிபிள் சாஃப்ட் நிறுவனம் இத்தகைய கருவிகளைத் தயாரித்தது. இந்நிறுவனமே 1946 இல் சன்பீம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. பின்னர் மின்னோடியைக் கைப்பிடிக்குள்ளேயே கொண்ட கருவிகளும், மின்கலத்தால் இயங்கும் கருவிகளும் வந்தன.

முதல் உலகப் போரின்போது சொறி நோயைக் கட்டுப்படுத்துவதற்காகப் பிரித்தானியப் படைக் குதிரைகளின் உரோமம் கத்தரிக்கப்பட்டது. திறந்த வெளியில் கட்டப்பட்டிருந்த அக்குதிரைகள் குளிரில் பெரிதும் துன்புற்றன. கத்தரித்தல், அதற்குப் பிந்திய பாதுகாப்போடு சேர்ந்தே பயன் தரும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அமைப்பும் செயற்பாடும்

வெட்டும் தலையில் இரண்டு தகடுகள் உள்ளன. தோலை ஒட்டிச் செல்லும் கீழ்த்தகடு சீப்புத் தகடு எனலாம். இது அசையாது, உரோமத்தைப் பிரித்துப் பற்களுக்கு இடையே நிறுத்துகின்றது. மேலே உள்ள வெட்டுத் தகடு நிமிடத்துக்கு ஈராயிரத்துக்கும் மேற்பட்ட முறை இடமும் வலமுமாக நகர்ந்து உரோமத்தை வெட்டுகின்றது. சுருள்வில்லும் திருகும் இவ்விரு தகடுகளையும் சேர்த்து அழுத்துகின்றன. வெட்டியபின் எஞ்சும் உரோமத்தின் நீளத்தைச் சீப்புத் தகட்டின் தடிப்பும் பற்களின் அமைப்புமே தீர்மானிக்கின்றன. நுண்ணிய தகடுகள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீள உரோமத்தையும், பருமனான தகடுகள் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீள உரோமத்தையும் விட்டுச் செல்கின்றன.

இது கத்தரிக்கோலைப் போன்ற செயற்பாடே. கத்தரிக்கோலின் இரு அலகுகளும் தளர்ந்திருந்தால் துணி வெட்டுப்படாமல் இடையில் மடிந்து சிக்கிக்கொள்ளும். அதுபோலவே இரு தகடுகளுக்கும் இடையே உரோமம் நுழையும் அளவுக்கு இடைவெளி ஏற்பட்டால், முனைகள் எவ்வளவு கூராக இருந்தாலும் கருவி வெட்டாது. உரோமத்தைப் பிடித்து இழுக்கும்.

மழுங்குவதற்கான காரணங்கள்

தகடுகள் மழுங்குவதற்கு முதற்காரணம் உரோமம் அன்று, அதில் படிந்துள்ள மண்ணும் மணலும் பொடுகுமே ஆகும். மணலில் உள்ள குவார்ட்சு, கடினப்படுத்தப்பட்ட எஃகையும் தேய்க்க வல்லது. சேறு படிந்த ஒரே குதிரையைக் கத்தரித்து முடிப்பதற்குள் புதிய தகடுகள் மழுங்கிவிடலாம். குளிப்பாட்டி முழுமையாக உலர்த்திய குதிரைகள் பலவற்றுக்கு அதே தகடுகள் போதுமானவை. ஈரமான உரோமம் பற்களிடையே அடைத்துக்கொள்ளும் என்பதால் உலர்த்துவதும் முக்கியமானது.

எண்ணெய்க் குறைபாடு இரண்டாவது காரணம். உராய்வினால் தகடுகள் சூடேறி விரைவாகத் தேய்கின்றன. கருவி வெட்டாதபோது பலர் திருகை மேலும் இறுக்குகின்றனர். இதனால் உராய்வும் சூடும் தேய்மானமும் இன்னும் கூடுகின்றன; மின்னோடியும் திணறுகின்றது. வெட்டாத தகட்டை இறுக்கத்தால் வெட்டவைக்க முயல்வதே கருவி பழுதாவதற்கும் குதிரையின் தோல் சுடுவதற்கும் பெருங்காரணம் ஆகும்.

பராமரிப்பு

வேலைக்கு முன்: சீப்புத் தகட்டின் பற்கள் உடைந்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். உடைந்த பல்லின் இடைவெளியில் தோல் நுழைந்து வெட்டுப்படக்கூடும் ஆதலால் அத்தகைய தகட்டைப் பயன்படுத்தக் கூடாது. தகடுகளுக்கும் வெட்டும் தலைக்கும் எண்ணெய் இட்டபின் இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். சில கருவிகளில் திருகை முழுமையாக இறுக்கிப் பின்னர் ஒன்றரைச் சுற்றுத் தளர்த்துவது தொடக்க நிலை ஆகும். இது கருவிக்குக் கருவி வேறுபடுவதால் தயாரிப்பாளரின் கையேட்டைப் பின்பற்றுவதே முறை.

வேலையின்போது: ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை கருவியை நிறுத்தி, தூரிகையால் உரோமத்தை அகற்றி, எண்ணெய் இட வேண்டும். பற்களின் நுனி, இரு தகடுகளும் உரசும் பரப்பு, தலையில் உள்ள எண்ணெய்த் துளைகள் ஆகிய மூன்று இடங்களிலும் எண்ணெய் சேர வேண்டும். இதற்கு மெல்லிய கனிம எண்ணெய் ஏற்றது. சமையல் எண்ணெய் நாளடைவில் பிசினாக இறுகிவிடும். தகட்டின் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம். கைக்குச் சூடாக இருந்தால் குதிரையின் தோலுக்கும் அது சூடே. காற்றுத் துளைகள் அடைபட்டால் மின்னோடி சூடேறும் என்பதால் அவற்றையும் துப்புரவு செய்ய வேண்டும்.

வேலைக்குப் பின்: தகடுகளைக் கழற்றித் துலக்கி, உலர்த்தி, எண்ணெய் பூசி, எண்ணெய்த் துணியில் சுற்றி ஈரமற்ற இடத்தில் வைக்க வேண்டும். படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுகள் தகடுகள் வழியாக ஒரு குதிரையில் இருந்து மற்றொன்றுக்குப் பரவும். ஆகவே ஒவ்வொரு குதிரைக்குப் பின்னும் தகடுகளுக்குக் கிருமிநீக்கம் தேவை.

சாணை பிடித்தல்

துப்புரவு, எண்ணெய், சரியான இறுக்கம் ஆகிய மூன்றும் இருந்தும் கருவி உரோமத்தை இழுத்தாலோ, கோடு கோடாக விட்டுச் சென்றாலோ தகடுகள் மழுங்கிவிட்டன எனக் கொள்ளலாம். இம்மூன்றையும் சோதிக்காமல் சாணைக்கு அனுப்புவது, தகட்டின் ஆயுளை வீணே குறைப்பதாகும்.

கத்தியைப் போல இத்தகடுகளின் பற்களை அரத்தால் தனித்தனியே தீட்டுவதில்லை. இரு தகடுகளும் ஒன்றோடு ஒன்று உரசும் முகப்புகளே தேய்க்கப்படுகின்றன. முகப்பு சீராகும்போது ஒவ்வொரு பல்லின் விளிம்பும் மீண்டும் கூர்மை பெறுகின்றது. சுழலும் உலோகத் தட்டின்மீது எண்ணெயும் தேய்ப்புத் துகளும் இட்டு, தகட்டை அதன்மேல் அழுத்தி முன்னும் பின்னுமாக நகர்த்துவர். தட்டு மிகச் சிறிய அளவில் சரிவாக அமைக்கப்பட்டிருக்கும். இதனால் தகட்டின் முகப்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய குழிவு உண்டாகின்றது. இக்குழிவு காரணமாகவே இரு தகடுகளும் பல் நுனிகளில் நெருங்கிப் பொருந்துகின்றன. வீட்டில் தட்டையான சாணைக்கல்லில் தேய்த்தால் இக்குழிவு அழிந்துவிடும். அதிவேகச் சாணைச் சக்கரத்தில் தேய்த்தாலோ எஃகு சூடேறிப் பதம் இழந்துவிடும்.

சீப்புத் தகடும் வெட்டுத் தகடும் ஒன்றோடு ஒன்று பொருந்தித் தேய்பவை ஆதலால் அவற்றைச் சோடியாகவே சாணை பிடித்து, சோடியாகவே பயன்படுத்த வேண்டும். சாணைக்குப் பின் தேய்ப்புத் துகள் முற்றிலும் கழுவப்பட வேண்டும். எஞ்சிய துகள் முதல் நிமிடத்திலேயே புதிய விளிம்பை மழுக்கிவிடும். ஒவ்வொரு முறையும் எஃகின் மெல்லிய படலம் ஒன்று குறைகின்றது. பற்களின் நுனிகள் மிகவும் மெலிந்தபின் தகடுகளை மாற்றுவதே பாதுகாப்பானது.

பாதுகாப்பு

குதிரை அசைவுகளால் மின்வடம் அறுபடவோ மிதிபடவோ கூடும். எனவே மின்கசிவு ஏற்பட்டால் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியுடன் மட்டுமே மின்வடக் கத்தரிப்பானை இயக்க வேண்டும். தரை உலர்ந்திருப்பதும் அவசியம்.

சூட்டையோ வலியையோ ஒருமுறை உணர்ந்த குதிரை, அடுத்த முறை கருவியின் ஒலி கேட்டதுமே மிரளக்கூடும். அத்தகைய குதிரைக்குக் கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்தபின்னரே கத்தரிக்க வேண்டிய நிலை வரலாம். கூரான, குளிர்ந்த, எண்ணெயிட்ட தகடுகள் இந்நிலையைப் பெரும்பாலும் தவிர்க்க உதவுகின்றன.

இவற்றையும் பார்க்க

குதிரை
கத்தரிக்கோல்
சாணைக்கல்
உராய்வு