ஆற்றுக்கும் வேண்டும் லைன் கிளியர்

ஆளரவமற்ற ஆறுகளில் துடுப்புப் படகு ஓட்டிப் போகிறவர்களுக்காகக் குளிர்நாடுகளில் எழுதப்படும் பாதுகாப்புக் கையேடுகள் பெரும்பாலும் குளிரைப் பற்றித்தான் முதலில் பேசும். கனடாவில் படகு கவிழ்ந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் தண்ணீரின் குளிர் சில நிமிடங்களில் செயலற்றவராக்கிவிடும். திருச்சிக்காரருக்கு அந்த அத்தியாயம் வேண்டாம். முக்கொம்பில் கயாக்கையோ பரிசலையோ இறக்கிக் கல்லணைப் பக்கம் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது, இது அணைகள் திறந்து மூடுகிற ஆறு என்பதைத்தான். படகில் ஏறும் நேரத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே, நூறு மைல் தள்ளி, மேட்டூரில் யாரோ ஒருவர் மதகைத் தூக்கும்போதே ஆபத்து கிளம்பிவிடுகிறது. நீச்சல், லைஃப் ஜாக்கெட், துடுப்புப் பழக்கம் எல்லாம் அந்தத் தகவலுக்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்கும் பழக்கம் இங்கே பலிக்காது. ஆடி மாதத்தில் திருச்சியில் வெயிலும் புழுதிக்காற்றும் அடிக்கும்; அதே வாரத்தில் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை கிருஷ்ணராஜசாகரையும் கபினியையும் நிரப்பி, மேட்டூர் வழியே ஸ்ரீரங்கம் வந்து சேரும். மேட்டூர்ச் செய்தியை மட்டும் நம்பினாலும் போதாது. பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் கலக்கின்றன. இதைவிட முக்கியம், முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் குணம். காவிரியைவிடப் பள்ளமாக ஓடிய கொள்ளிடம் தண்ணீரையெல்லாம் இழுத்துக்கொண்டு தஞ்சை வயல்களைக் காயவிட்டதால்தான், ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். அன்று முதல் பாசனத்துக்குக் காவிரி, உபரிக்குக் கொள்ளிடம் என்பது ஏற்பாடு. ஆண்டின் பெரும்பகுதி மணல்வெளியாகக் கிடக்கும் கொள்ளிடத்துக்குத்தான் வெள்ளம் முழு உரிமையோடு திருப்பிவிடப்படும். வறண்டு கிடக்கும் ஆறு சாது என்ற நம்பிக்கை அங்கேதான் ஆளை ஏமாற்றுகிறது. மணல்திட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குப் பெருவெள்ளம் வர வேண்டியதில்லை. முதுகுக்குப் பின்னால் இருக்கும் பள்ளமான ஓடையில் இடுப்பளவு தண்ணீர் ஓடத் தொடங்கினாலே கரை போய்விடும். கொள்ளிடப் பாலத்தருகே கரைக்குக் கரை ஏறத்தாழ 800 மீட்டர். நகரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும், கூப்பிட்டால் கேட்காது.

திருச்சியின் பொன்மலைக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்த பணிமனையைப் பொன்மலைக்குக் கொண்டுவந்து நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. லைன் கிளியர் என்றால் என்னவென்று அங்குள்ள ரயில்வே காலனிகளில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். எத்தனை கெட்டிக்கார டிரைவராக இருந்தாலும் அடுத்த ஸ்டேஷன் சம்மதிக்காமல் வண்டி நகராது. ஆற்றில் சம்மதம் தர வேண்டிய ஸ்டேஷன் மேலே இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்படி மேலிருந்து சம்மதம் கேட்பது நடக்காத காரியமும் இல்லை. மத்திய நீர்வள ஆணையம் பிலிகுண்டுலுவில் அளக்கும் நீர்வரத்து உயர்ந்தால், தருமபுரி மாவட்ட நிர்வாகம் ஒகேனக்கல்லில் பரிசல்களை நிறுத்திவிடுகிறது. பரிசல்காரரின் அனுபவம் அன்று கணக்கில் வருவதில்லை.

‘எனக்கு நன்றாக நீந்தத் தெரியும்’ என்பார்கள். எண்களைப் பார்ப்போம். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். பத்தாயிரம் கன அடி என்றால் ஒவ்வொரு நொடியும் 280 டன்னுக்கு மேல் தண்ணீர். ஓட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் வரிசையாக உடைந்து போயின. 1928-ல் கட்டிய பழைய கொள்ளிடப் பாலத்தின் ஒரு பகுதியும் அதே மாதம் இடிந்தது. பாலத்தின் தூணை அசைத்த தண்ணீரிடம் தோள்வலிமை பேசிப் பயனில்லை. வெள்ளமில்லாத நாளிலும் தடுப்பணை இருக்கிறது. படகில் தாழ உட்கார்ந்திருப்பவருக்கு அது நேரான ஒரு கோடாகத்தான் தெரியும். வழிந்து விழும் தண்ணீர் அடியில் சுருண்டு மீண்டும் சுவரை நோக்கியே திரும்புவதால், விழுந்தவரை வெளியே விடாமல் புரட்டிக்கொண்டிருக்கும்; லைஃப் ஜாக்கெட் போட்டவரையும்கூட. தூரத்திலேயே கரையேறி, படகைத் தூக்கிக்கொண்டு நடந்து, அணையைத் தாண்டி இறங்குவதைத் தவிர வேறு தந்திரம் கிடையாது.

தலைமுறை தலைமுறையாகப் பரிசல்காரர்கள் ஜாக்கெட்டே இல்லாமல் போய்வரவில்லையா என்று கேட்பவர்களும் உண்டு. போனார்கள்; எந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று தெரிந்துதான் போனார்கள். அந்த அறிவு பயணிக்கு இல்லை. வட்டப் பரிசலில் செல்ஃபிக்காக ஒருவர் எழுந்து நின்றால் பாரம் ஒரு பக்கம் சாயும். துடுப்புக்காரரால் அதைத் திருத்த முடியாது. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் யாரிடமும் இல்லை. அது வெள்ளமும் இல்லை, காட்டாறும் இல்லை. ஆகவே ஜாக்கெட் படகின் மூலையில் கிடக்காமல் உடம்பில், வார் இறுக்கிய நிலையில் இருக்க வேண்டும். கவிழ்ந்துவிட்டால் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி மிதப்பது நல்லது. ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கிலோ இடிந்த கான்கிரீட்டிலோ கால் மாட்டிக்கொள்ளும்.

இத்தனை ஆபத்து என்றால் மொத்தமாகத் தடை செய்துவிடலாமே என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. 2023 பிப்ரவரியில் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்த நான்கு பள்ளி மாணவிகள் படகில் போகவில்லை. கால்பந்துப் போட்டிக்கு வந்தவர்கள், குளிக்க இறங்கினார்கள். படகைத் தடுக்கலாம், படித்துறையை யார் பூட்டுவது? எச்சரிக்கை வராமலும் இல்லை. லட்சம் கன அடி வரும்போது ஒலிபெருக்கி கரையோரம் வந்துவிடும். மணல்திட்டைச் சூழும் சில ஆயிரம் கன அடிக்குத்தான் குரல் இல்லை. முக்கொம்பில் எந்த மதகு எத்தனை மணிக்கு, எவ்வளவு திறக்கப்படும் என்பது நீர்வளத் துறைக்கு முன்பே தெரியும். அந்தத் தகவலை, மதகைத் திறப்பதற்கு முன்பே கைபேசிக்கும், அம்மா மண்டபப் படித்துறையிலும் கொள்ளிடக் கரையிலும் வைக்கும் ஒரு பலகைக்கும் தினமும் கொண்டுவந்தால், இறங்கலாமா கூடாதா என்பதைப் படகுக்காரரும் குளிக்க வந்தவரும் ஒரே இடத்தில் நின்று முடிவு செய்யலாம்.