மால்ட்டாவின் மௌன நகரம்

மத்தியதரைக் கடலில், ஸிஸிலிக்குத் தெற்கே உள்ளது மால்ட்டா என்னும் சின்னஞ்சிறு தீவு. அதன் நடுவே, குன்றின் மேல் மதில் சூழ நிற்கிறது இம்தீனா என்ற பழம் பட்டணம். அங்கே முந்நூறு பேர்கூடக் குடியில்லை. வெளியூர் மோட்டார் வண்டிகளுக்கும் உள்ளே இடமில்லை. தேன் நிறக் கல் வீடுகளுக்கிடையே குறுகிய சந்துகள் வளைந்து செல்கின்றன. 'மௌன நகரம்' என்று பெயர் வந்ததில் வியப்பென்ன?

ஆனால், ஊரைப் பிறவி ஊமை என்று நாம் எண்ணிவிடலாகாது. முன்பு தீவின் தலைநகர் இதுவே. இம்தீனா என்பதே, நகரம் என்று பொருள்படும் அராபியச் சொல்லிலிருந்து வந்ததுதான். 1530-ல் வந்த செயின்ட் ஜான் சபைப் போர்த் துறவிகள் துறைமுகத்தையே நாடினர். 1566-ல் வலெட்டாவுக்கு அஸ்திவாரமிட்டனர். இம்தீனாவின் சந்தடி அத்தோடு அடங்கிற்று. 1693-ல் பூகம்பம் வேறு!

1798 ஜூனில் நெப்போலியன் தீவைக் கைப்பற்றினான். செப்டம்பர் 2-ந் தேதி, இம்தீனாவிலுள்ள கார்மெல் மாதா கோயிலின் பொருள்களைப் பிரெஞ்சுக்காரர் ஏலம் போட முனைந்தனர். ஜனங்கள் பொறுக்கவில்லை, அன்று மூண்ட கலகம் தீவெங்கும் பரவிற்று. இரண்டு வருஷ முற்றுகைக்குப் பின், 1800-ல் பிரெஞ்சுக்காரர் பணிந்தனர். ஒத்தாசைக்கு வந்த பிரிட்டிஷார் என்ன செய்தார்கள்? நாம் அறியாத கதையா? தங்கிவிட்டார்கள்! மால்ட்டா சுதந்திரம் பெற்றது 1964-ல்தான்.

அந்தக் கோயில் இன்றும் பெரிய தெருவில் இருக்கிறது. மாலையில் அதன் வாசலைக் கடப்பவருக்குத் தம் காலடியோசையே துணை.